மலேசியக் காருக்கு ஹீட்டர் எதற்கு?

“நம்ம ஊர்ல ஓடுற காருக்கு ஹீட்டர் எதுக்குமா? பைபாஸ் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு.”

பட்டறையில் போர்மேன் அங்கிள் இப்படிச் சொன்னபோது என்னிடம் உடனே பதில் இல்லை. பல்கலைக்கழகத் தோழிகளிடம் சொன்னபோதும் அதே கேள்விதான் வந்தது. தைப்பிங்கில் இருந்துகொண்டு கார் ஹீட்டரைப் பழுதுபார்க்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அது சிரிப்புக்குரிய விஷயமாக இல்லை. காரணம் பாட்டி.

பாட்டிக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்த நான்கு மணி நேரமும் இரத்தம் உடலுக்கு வெளியே குழாய்களில் ஓடி, சுத்திகரிக்கப்பட்டுத் திரும்புகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் முடித்துவிட்டு வரும்போது பாட்டிக்குக் குளிரும். பல் கிட்டிப் போகும் அளவுக்கு நடுங்குவார். காரில் ஏற்றியதும் அப்பா ஹீட்டர் திருகியைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் திருப்பிவிடுவார். வீடு வந்து சேர்வதற்குள் பாட்டியின் கை சூடாகிவிடும்.

நம் நாட்டில் விற்கப்படும் சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. எங்களுடையது 1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கார். அப்பா பத்து வருடங்களுக்கு முன்பு பழைய காராக வாங்கினார். தயாரிப்பாளர் பெயரை எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இத்தனை வருடம் உழைத்த காரைப் பற்றிப் பத்திரிகையில் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்.

கடந்த செமஸ்டர் விடுமுறையில்தான் பிரச்சினை தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் பாட்டியை அழைத்துவரும் பொறுப்பு எனக்கு. தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது. கமுண்டிங் சாலையில் வந்துகொண்டிருந்தபோது முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துப் போனது. கையால் துடைத்தேன். தெளியவில்லை, எண்ணெய் தடவியதுபோல இழுவிக்கொண்டது. எதிரே வந்த லாரியின் விளக்கு ஒரு பெரிய மஞ்சள் வட்டமாகத் தெரிந்தது. அவசர விளக்கைப் போட்டு ஓரமாக நிறுத்தினேன். பாட்டி போர்வைக்குள் இருந்தபடி, “என்ன கண்ணு, சக்கரைப் பாகு வாசனை அடிக்குது?” என்று கேட்டார்.

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த வாடையை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். பாட்டிதான் கண்டுபிடித்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே கம்பளம் சொதசொதவென்று இருந்தது. முதலில் ஏர்கோன் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். ஏர்கோனிலிருந்து வடியும் தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் அடைத்துக்கொண்டால் இப்படி உள்ளே ஒழுகுவது உண்டு. வேறுபாடு கண்டுபிடிப்பது எளிது. வெள்ளை டிஷ்யூ தாளை அழுத்திப் பாருங்கள். ஏர்கோன் தண்ணீர் நிறமும் வாடையும் இல்லாமல் இருக்கும். எங்கள் டிஷ்யூ இளம்பச்சையாக மாறியது, விரலில் வழுவழுத்தது. எஞ்சின் குளிர்விக்கும் கூலண்ட். பானெட்டைத் திறந்து பார்த்தால் கூலண்ட் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தது. ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாம் காருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கார் ஹீட்டர் என்பது வீட்டு வாட்டர் ஹீட்டர்போல மின்சாரத்தில் சூடாவது அல்ல. எஞ்சினில் சூடேறிய கூலண்ட், ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் வந்து போகிறது. அங்கே ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே விசிறி காற்றைத் தள்ளும்போது சூடான காற்று வருகிறது. எஞ்சின் எப்படியும் வெளியே கொட்டப்போகிற வெப்பம். அதில் கொஞ்சத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோரில் ஓட்டை விழுந்தால் சூடான கூலண்ட் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. மழையில் கண்ணாடி குளிர்ந்து கிடப்பதால் உடனே பனிப்படலம் கட்டிவிடும். நீர் பிறகு காய்ந்துவிடும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் காயாது. அதன் கொதிநிலை 197 பாகை. அதனால்தான் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப்பிசுக்கு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்திலீன் கிளைகோல் உடலுக்குள் போனால் கல்லீரல் அதைப் படிப்படியாக ஆக்சாலிக் அமிலமாக மாற்றுகிறது. அது கால்சியத்துடன் சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தில் படிகிறது. இதை முதலாம் ஆண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். சிறுநீரகம் போன பாட்டியை அந்த ஆவிக்குள் உட்கார வைத்து ஓட்டி வந்திருக்கிறேன்! மறுநாள் டயாலிசிஸ் மையத்துத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டேன். குடித்தால்தான் பெரிய ஆபத்து, சற்று நேரம் முகர்ந்ததற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் இனி அந்தக் காரில் அப்படி ஏற்றாதே என்றார். பூனை, நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தியும் இதுதான். கூலண்ட் இனிக்கும். தரையில் சிந்தியதை நக்கிய பூனை பிழைப்பது கடினம்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போனேன். போர்மேன் அங்கிள் பார்த்த உடனே சொல்லிவிட்டார், ஹீட்டர் கோர் போச்சு என்று. புதிது மாற்ற 900 ரிங்கிட். டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டுமாம், இரண்டு நாள் வேலையாம். பைபாஸ் என்றால் 40 ரிங்கிட், அரை மணி நேரம். அதாவது டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு குழாய்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. கூலண்ட் உள்ளே போகாது, ஒழுகாது. நம் நாட்டில் பெரும்பாலோர் செய்வது இதுதான். தப்பும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை, பாட்டிக்கு டயாலிசிஸ். எனவே பைபாஸ் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகுதான் ஹீட்டரின் அருமை தெரிந்தது.

சனிக்கிழமையும் மழை. பாட்டி நடுங்கினார். ஏர்கோனை அடைத்தேன், இரண்டு நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி. ஏர்கோனைத் திறந்தேன், கண்ணாடி தெளிந்தது, பாட்டி இன்னும் சுருண்டார். ஜன்னலை இறக்கினால் மழை உள்ளே வந்தது. ஏர்கோன் செய்வது இரண்டு வேலை. காற்றைக் குளிர்விக்கிறது, அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. ஹீட்டர் உள்ள காரில் இரண்டையும் ஒன்றாகப் போடலாம். ஏர்கோன் உலர்த்திய காற்றை ஹீட்டர் சூடாக்கித் தரும். சூடாகவும் உலர்ந்தும் வரும் காற்று பாட்டிக்கும் நல்லது, கண்ணாடிக்கும் நல்லது. அங்கிள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

900 ரிங்கிட் எங்களிடம் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடனுதவிப் பணத்தில் அடுத்த செமஸ்டர் விடுதிக் கட்டணம் போக மிச்சம் என்ன இருக்கும் என்று படிக்கிற பலருக்கும் தெரியும். நானே செய்தால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. அப்பா பழைய இரும்புக்கடையிலிருந்து எப்போதோ வாங்கி வைத்திருந்த பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். எங்கள் மாடலில் டேஷ்போர்டைக் கழற்றத் தேவையில்லை, கோரை அடியிலிருந்தே உருவி எடுக்கலாம் என்று படத்தோடு போட்டிருந்தது. எல்லாக் காரிலும் இப்படி அமையாது. பல கார்களில் டேஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும், சிலவற்றில் ஏர்கோன் வாயுவையும் முறைப்படி எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் காரின் கையேட்டைப் பார்க்காமல் திருப்புளியைத் தொடாதீர்கள்.

படத்தை அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கையையும் என் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “என் கை அங்க நுழையாது. உன் கை நுழையும். செஞ்சு பாரு. முடியலன்னா வண்டிய தள்ளிக்கிட்டு வா.”

பாகம் இணையத்தில் வாங்கியது, கிள்ளானிலிருந்து வந்து சேர ஐந்து நாள் ஆனது. சனிக்கிழமை மதியம் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். செவ்வாய் விடிகாலைக்குள் கார் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வாடகை வண்டி பிடிக்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்காது.

முதலில் எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருந்தேன். சூடான எஞ்சினில் கூலண்ட் மூடியைத் திறக்கவே கூடாது. படிவம் நான்கில் படித்த பாடம்தான்: அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 107 பாகையில் கொதிக்கும். மூடி இறுகி இருக்கும்போது அதைவிட 20 பாகைக்கும் மேல் தாங்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழுகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். பட்டறை அங்கிளின் முன்கையில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான்.

அடுத்து பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தேன். டேஷ்போர்டு பகுதியில் ஏர்பேக் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றோடு விளையாட முடியாது. காலடிப் பலகைகள், நடுப்பகுதியின் இருபக்க மூடிகள், கம்பளம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திருகாணிகளை எடுத்த இடம் மறந்துபோகாமல் இருக்க, அம்மாவின் முட்டைத் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் போட்டு, பக்கத்தில் எழுதி வைத்தேன். கைப்பேசியில் எடுத்த படங்கள் மட்டும் 60க்கு மேல். இருபத்தெட்டு வயது பிளாஸ்டிக் பிஸ்கட்போல உடைகிறது. இரண்டு கிளிப்புகள் போயின.

கோரைத் தொடும் நேரம் வந்தபோதுதான் அங்கிள் என் கையை அளந்ததன் பொருள் விளங்கியது. கால் இருக்கையின் மேலே, தலை பெடலுக்குப் பக்கத்தில், தலைகீழாகக் கிடந்தால்தான் குழாய்களைக் கோரோடு இணைக்கும் அந்த ஒற்றைத் திருகாணி தெரியும். நட்சத்திர வடிவத் தலை. என்னிடமிருந்த திருப்புளிகளில் எதுவும் பொருந்தவில்லை. கடை மூடும் நேரத்தில் ஓடிப்போய் 18 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கினேன். அதோடு அன்றைய வேலை முடிந்தது. கழுத்து திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் “உனக்கு எதுக்குமா இந்த வேலை” என்றவர், திருகாணி இளகி, கோரில் தங்கியிருந்த பச்சைத் தண்ணீர் என் சட்டையில் கொட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். அடியில் தட்டு வைத்திருந்தேன். அது இருந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கொட்டியது.

பழைய கோர் கையில் வந்தது. ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அதுதான் ஓட்டை. கூலண்டில் கிளைகோல் மட்டும் இல்லை. உலோகம் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. அவை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நம் ஊரில் பனி விழாது என்பதால் கூலண்ட் தேவையில்லை, பைப்புத் தண்ணீர் போதும் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மட்டம் குறையும்போதெல்லாம் தோட்டக் குழாயிலிருந்துதான் ஊற்றியிருக்கிறோம். பைப்புத் தண்ணீரில் குளோரைடும் தாது உப்புகளும் உண்டு. அவை அலுமினியத்துக்கு ஆகாது. அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கோரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய கோரை ஏற்றுவது எடுப்பதைவிட எளிதாக இருந்தது. அப்பா எஞ்சின் பக்கம் பைபாஸை அகற்றிக் குழாய்களைப் பழையபடி மாட்டினார். பழைய கூலண்டை முழுவதும் வடித்துவிட்டு, புதியதைக் காய்ச்சி வடித்த நீரில் சரிபாதியாகக் கலந்து, ஏறக்குறைய 7 லிட்டர் ஊற்றினோம். நான் உடனே பலகைகளை மூடப் போனேன். “மூடாதே. முதல்ல ஓடட்டும்” என்றார் அப்பா. நல்ல வேளை. எஞ்சின் சூடானதும் புதிய கோரின் இணைப்பிலிருந்து ஒரு சொட்டு. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று.

அந்த நேரத்தில் எனக்கு வந்த அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. மாலை நாலு மணி. மறுபடியும் ஆற வேண்டும், வடிக்க வேண்டும், தலைகீழாகக் கிடக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் குழாய் முனையில் போடும் ரப்பர் வளையம் ஒன்று ஓரத்தில் நசுங்கியிருந்தது. காய்ந்த வளையத்தை அப்படியே அழுத்தித் திணித்தது என் தப்பு. மாட்டுவதற்கு முன் கூலண்டில் நனைத்திருந்தால் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையேட்டில் அது ஒரு வரியில் இருந்தது. நான் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். வளையங்களைச் செட்டாக வாங்கியிருந்ததால் மாற்று இருந்தது. இந்த முறை நனைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, நிதானமாக மாட்டினேன்.

இரவு ஒன்பதரைக்கு மீண்டும் எஞ்சின். ஹீட்டர் முழுச் சூட்டில். முதலில் குளிர்ந்த காற்றுதான் வந்தது, டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் வேறு. குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கிறது. வெப்ப முள்ளை விட்டுக் கண்ணெடுக்காமல், தொட்டியில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரத்தில் சத்தம் நின்றது. உள்ளே கையை வைத்தேன். சூடு. டிஷ்யூவை இணைப்பில் சுற்றி வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டோம். வெள்ளையாகவே இருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கோர் 185, ரப்பர் வளையங்கள் 14, கூலண்ட் 62, காய்ச்சி வடித்த நீர் 12, திருப்புளி 18. மொத்தம் 291 ரிங்கிட். பைபாஸுக்குக் கொடுத்த 40ஐயும் சேர்த்தால் 331. என் இரண்டு நாளையும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையையும் விலை போடத் தெரியவில்லை. அங்கிள் கேட்ட 900 அதிகம் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். அந்தத் திருகாணியைப் பார்த்துவிட்டு வந்தவள் அப்படிச் சொல்ல முடியாது.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றவில்லை. இரண்டு பெரிய புட்டிகளில் நிரப்பி, ‘விஷம்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி, பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே கழிவுகளைச் சேர்த்து வைத்து எடுத்துப் போக ஆள் வருகிறார்கள். அங்கிள் புட்டியை வாங்கி வைத்துவிட்டு, “ரப்பர் ரிங் நசுங்குச்சா?” என்று கேட்டார். அப்பா சொல்லியிருக்க வேண்டும். “எனக்கும் முதல் தடவை நசுங்குச்சு” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை மையத்தில் பாட்டியை விட்டுவிட்டு, பதினொன்றரைக்கு மறுபடி போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏர்கோனையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. பாட்டி இரண்டு கைகளையும் காற்று வரும் துவாரத்துக்கு முன்னே நீட்டி வைத்துக்கொண்டார். கமுண்டிங் சாலையின் முதல் விளக்கைத் தாண்டியதும் போர்வையை இறக்கினார். இரண்டாவது விளக்கில், “கொஞ்சம் கொறைச்சு வை கண்ணு, வேர்க்குது” என்றார்.